பின்னாலிருந்து பிடித்த கை

என் பிரியமான அப்பாவுக்கு,

நீங்கள் ஓட்டிய அதே கடலூர் – சிதம்பரம் தடத்தில்தான் தினமும் வேலைக்குப் போய் வருகிறேன். டிரைவருக்குப் பின்சீட்டில் இடம் கிடைத்தால் போதும், ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் மனசுக்குள் உங்களோடு பேச ஆரம்பித்துவிடுவேன். ஒரு மாதமாகப் பேசவில்லை. கோபமில்லை அப்பா, வெட்கம். வீட்டில் உங்கள் போட்டோவை அம்மா வாசலைப் பார்த்து மாட்டியிருக்கிறாள். நான் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போகிறேன்.

போன மாதம் கடலூரில் நர்ஸ்களுக்கு ஒரு பயிற்சி நடந்தது. பழைய அடியும் பழைய பயமும் உள்ள நோயாளிகளை, அந்தப் பயத்தைக் கிளறிவிடாமல் எப்படிக் கவனிப்பது என்பது தலைப்பு. மனநல வார்டில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியவள் என்று என்னையும் பேசக் கூப்பிட்டார்கள். நான் உங்கள் கதையைச் சொன்னேன். உங்களைக் கேட்காமலே.

புதுச்சத்திரம் பக்கத்தில் உங்கள் பஸ்ஸின் முன்னால் ஒரு பைக் வந்து விழுந்ததைச் சொன்னேன். பைக்கில் வந்தவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் அது தெரிவதற்கு முன்பே ஒரு கூட்டம் ஏறி, உங்களை சீட்டிலிருந்து பின்பக்கமாக இழுத்துப்போட்டு அடித்தது. அதற்குப் பிறகு நீங்கள் ஸ்டீயரிங்கைத் தொடவில்லை. கல்யாண மண்டபத்தில் சுவரோரமாகத்தான் உட்கார்வீர்கள். சலூன் நாற்காலியில் உட்கார முடியாமல் பாதியில் எழுந்து வந்துவிட்டீர்கள். அதிலிருந்து அம்மாதான் உங்களுக்கு முடிவெட்டினாள், ஒரு பக்கம் ஏறியும் ஒரு பக்கம் இறங்கியும்.

நம் வீட்டுச் சட்டத்தையும் சொன்னேன். உங்களிடம் வருகிறவர் முன்னால் வந்து நின்று, பேரைச் சொல்லி, நீங்கள் “வா” என்ற பிறகுதான் கிட்டே வர வேண்டும். “உங்கப்பாரு பெரிய கலெக்டரு. பர்மிஷன் வாங்கிட்டுத்தான் உள்ள போவணும்” என்பாள் அம்மா. “ஆமா, மனு எழுதிக் குடுத்துட்டு வாங்க” என்று நீங்களும் சிரிப்பீர்கள். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் உங்களுக்கு எவ்வளவு கூச்சம் இருந்தது என்று நாங்கள் யாராவது கேட்டோமா?

எல்லாரும் கைதட்டினார்கள். ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்து என்னோடு போட்டோ எடுத்துக்கொண்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸாகக்கூட வைத்தேன்.

அதே வாரம்தான் கொளஞ்சியம்மா சிதம்பரத்தில் எங்கள் வார்டுக்கு வந்தார். திட்டக்குடிப் பக்கத்துக்காரர், ஏறக்குறைய என் வயசு. ஊரைவிட்டு ஓடிவிடுவாரோ என்று பயந்து, வீட்டில் மாட்டுக்கொட்டகையில் கட்டி வைத்திருந்தார்கள். அண்ணன் சத்தமில்லாமல் பின்னால் போய் அமுக்கிப் பிடிப்பார், வீட்டில் இன்னொருவர் கயிற்றைக் கட்டுவார். அந்த அண்ணனைக் கெட்டவர் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. அழுதுகொண்டேதான் இதையெல்லாம் சொன்னார்.

சேர்ந்த அன்றே கொளஞ்சியம்மா என்னிடம் ஒன்று கேட்டுக்கொண்டார். “சிஸ்டர், எது செய்யறதா இருந்தாலும் எம்முன்னாடி வந்து செய்யுங்க. பின்னாடி மட்டும் வராதீங்க.” எனக்கு உடனே உங்கள் ஞாபகம் வந்தது. “வரமாட்டேம்மா” என்று சொன்னேன். மனசாரத்தான் சொன்னேன்.

இரண்டு நாள்கூட ஆகவில்லை. ஊசி வேண்டாம் என்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினார். யாரையும் அடிக்கவில்லை, தலையை மோதிக்கொள்ளவில்லை, கத்தினார், அவ்வளவுதான். அவரைப் பார்த்து மற்றவர்களும் கத்த ஆரம்பித்தார்கள். பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வருகிற நேரம் வேறு. கூடத் தங்கியிருந்த அண்ணன் என் காதோரம் வந்து, “பேசிக்கிட்டு இருந்தா வேலைக்காவாது மேடம். பின்னாடி போயி லபக்குனு புடிச்சிருங்க. நாங்க அப்படித்தான் புடிப்போம்” என்றார்.

எங்கள் வார்டிலும் காலங்காலமாக அதுதான் வழக்கம். ஒருத்தர் முன்னால் நின்று பேச்சுக் கொடுப்பார், இன்னொருத்தர் பின்னால் போவார். பேச்சுக் கொடுக்கச் சொல்லி ஆயாவுக்கு நான் கண்ணைக் காட்டினேன். பின்னால் போனதும் நான்தான்.

பிடித்ததும் திமிறுவார் என்று நினைத்தேன். திமிறவில்லை அப்பா. கத்தல் அப்படியே நின்றுவிட்டது. கம்பியை விட்டுவிட்டு, இரண்டு கைகளையும் தானாகவே முதுகுக்குப் பின்னால் கொண்டுவந்து, மணிக்கட்டுகளைச் சேர்த்து வைத்துக்கொண்டார், கட்டுவதற்கு வாகாக. “கட்டிக்குங்க. நான் ஒன்னும் பண்ணல” என்றார். கயிறே இல்லாத இடத்தில் அந்தக் கைகள் அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றன.

ஊசி போட்டாயிற்று. வார்டு அமைதியாகிவிட்டது. டாக்டர் வந்து பார்த்து, “சூப்பர் சிஸ்டர், நல்லா ஹேண்டில் பண்ணியிருக்கீங்க” என்றார். நான் தேங்க்யூ சொன்னேன். சொன்ன வாயை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

உங்களை இழுத்துப்போட்டது யார் கை என்று நீங்கள் கடைசிவரைக்கும் பார்க்கவில்லை. அந்தக் கை எப்படி இருக்கும் என்று சின்ன வயசில் நிறைய யோசித்திருக்கிறேன், முரட்டுக் கையாக இருக்கும் என்று. இப்போது தெரிகிறது, அது வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளுக்குச் சோறு பிசைந்து போட்ட கையாகவும் இருந்திருக்கலாம். அவர்களுக்கும் அன்றைக்கு ஏதோ அவசரம் இருந்திருக்கும், இல்லையா அப்பா?

மன்னிப்புக் கேட்கப் போகிறேன் என்றதும் ஹெட் சிஸ்டர் முறைத்தார். “பேஷண்ட்டுகிட்டப் போயி ஸாரி கேப்பியா? அப்புறம் எவ நம்ம பேச்சக் கேப்பா?” டாக்டரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் கொளஞ்சியம்மாவிடமே உட்கார்ந்து கேட்டு, ஊசியை நிறுத்தி மாத்திரையாக மாற்றினார். இப்போது கொளஞ்சியம்மா ஒழுங்காக மாத்திரை போட்டுக்கொள்கிறார், தூங்குகிறார், முகம் தெளிந்திருக்கிறது. எல்லாம் வேறு நர்ஸ் கையால்தான். என் கையால் தண்ணீர்கூட வாங்குவதில்லை.

அதனால் நம் வீட்டுச் சட்டத்தையே எடுத்துக்கொண்டேன். தினமும் வேலை முடிந்து கிளம்பும் முன், அவர் கட்டிலுக்கு எதிரே தள்ளி நின்று, “கொளஞ்சியம்மா, நான் செல்வி. அன்னிக்குப் பின்னாடி வந்தவ. தப்புப் பண்ணிட்டேன். கிட்ட வரலாமா?” என்று கேட்பேன்.

“வராத.”

சரி என்று திரும்பி வந்துவிடுவேன். “என்னா சிஸ்டர், எதுனா வேண்டுதலா?” என்று ஆயா கிண்டல் செய்கிறார். இத்தனை நாளும் கொளஞ்சியம்மா சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு, நான் வாசலைத் தாண்டும் வரை என்னையே பார்த்துக்கொண்டிருப்பார். அது நீங்கள் பார்க்கிற பார்வை. வருகிற வாரம் அவர் வீட்டுக்குப் போகிறார். கட்டக்கூடாது என்று அண்ணனிடம் பேசிப் பேசி ஒத்துக்கொள்ள வைத்திருக்கிறோம். அதற்குள் ஒரு தடவையாவது “வா” என்பாரா என்று எனக்கு ஆசை ஜாஸ்தியாக இருந்தது. அந்த ஆசையும் என் நிம்மதிக்காகத்தானோ?

இன்றைக்கும் கேட்டேன். “வராத” என்றார். சொல்லிவிட்டு, என் பக்கம் முதுகைக் காட்டித் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அது மன்னிப்பு இல்லை அப்பா. வராதே என்று சொன்னால் இவள் வரமாட்டாள் என்று நம்பியிருக்கிறார், அவ்வளவுதான். நீங்கள் எங்களுக்குக்கூட முதுகு காட்டிப் படுத்ததில்லை. பஸ்ஸில் வரும்போது அதை நினைத்து அழுதேன்.

அடுத்த பயிற்சியில் உங்கள் கதையோடு நிறுத்த மாட்டேன். பின்னாலிருந்து பிடித்த கை இதுதான் என்று நீட்டிக் காட்டுவேன். யாரும் கைதட்ட வேண்டாம். நாளைக்கும் அந்தக் கட்டிலுக்கு எதிரே போய் நின்று கேட்பேன், வராதே என்றால் வரமாட்டேன்.

பேரைச் சொல்லிவிட்டு, நீங்கள் “வா” என்பதற்காக எதிரே நிற்கும்
உங்கள் மகள்,
செல்வி