மேரி முகர்ந்த வாளி

ஐப்பசி 18, செவ்வாய்

இன்று என் கையெழுத்தை மேரி செல்லாததாக்கிவிட்டாள். எனக்குக் கோபமே வரவில்லை.

எங்கள் ஊராட்சியின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் அவள் ஆபரேட்டர், நான் சூப்பர்வைசர். காலையில் ஒரு செப்டிக் டேங்க் லாரி வந்தது. டிரைவர் நீட்டிய சீட்டில் 'வீட்டுக் கழிவு' என்றிருந்தது. பார்த்ததும் கையெழுத்துப் போட்டேன். மேரி வழக்கம்போல முதலில் ஒரு வாளி பிடித்து முகர்ந்தாள்.

"சார், இது ஊட்டுக் கழிவு இல்ல, கெமிக்கலு. உள்ள உட்டா அழுக்கத் தின்ற கிருமியெல்லாம் செத்துப்பூடும். அப்பால தொட்டித் தண்ணி நாறிக்கினு அப்டியே ஏரிக்குப் போவும்."

டிரைவர் கத்தினான். "சாரே கையெழுத்து போட்டாரு, உனக்கு இன்னாமா?"

"அவரு மோந்து பாக்கலியே."

வால்வைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். லாரி திரும்பியது.

வெட்கத்தோடு நானும் வாளியை முகர்ந்தேன். மூக்கு இன்னும் எரிகிறது.

சாயங்காலம் ஏரியில் எருமைகள் கழுத்தளவு நீரில் சுகமாகக் கிடந்தன. லாரி நம்பரைக்கூட மேரிதான் குறித்து வைத்திருந்தாள்; புகார் எழுதிவிட்டேன். ஆனாலும் தூக்கம் வரவில்லை. அந்த லாரி அப்புறம் எந்தத் தண்ணீரைத் தேடிப் போயிருக்கும்? அங்கேயும் ஒரு மேரி இருக்க வேண்டுமே.