கறிவேப்பிலைப் பையும் கஞ்சா அனுமதியும்

இன்று காலை பேருந்தில் என் முன் இருக்கையில் இருந்த இளைஞன் மூக்கைச் சுருக்கி முகர்ந்தான். பிறகு திரும்பிப் பார்த்தான். நரைத்த தலை, நெற்றியில் பொட்டு, மடியில் சோற்றுப் பெட்டி. இந்த மனுஷியிடமிருந்தா இந்த மணம் என்று அவன் கண் விரிந்தது. பிறகு, கூட்டாளியைக் கண்டதுபோலத் தலையை ஆட்டிச் சிரித்தான். எனக்கு வியர்த்துவிட்டது. நேற்று இரண்டு முறை தலை முழுகியிருந்தேன், ஜாக்கெட்டை வெளியே காற்றில் தொங்கவிட்டிருந்தேன். பூக்கும் காலத்தில் அந்த மணம் ஒன்றுக்கும் போவதில்லை என்பது உனக்குத் தெரியும்.

நீ பக்கத்தில் இருந்திருந்தால் சும்மா இருந்திருக்க மாட்டாய். முன்பு ஒருமுறை இதே பேருந்தில் ஒருவர் முகம் சுளித்தபோது, "ஓம், கஞ்சாதான், அரசாங்கத்துக்குத் தெரிஞ்சுதான் வளக்கிறம்" என்று டேனிஷில் எல்லோருக்கும் கேட்கச் சொன்னாய். பேருந்தே சிரித்தது. நான் அடுத்த தரிப்பிடத்திலேயே இறங்கி மிச்ச வழியை மழையில் நடந்தேன். "பயந்தாங்கொள்ளி" என்று அன்று முழுக்க என்னைக் கூப்பிட்டாய்.

இன்று மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்திலிருந்து பரிசோதகர்கள் வரும் நாள். நீ இல்லாமல் அவர்களுக்கு முன்னால் நான் நிற்கும் முதல் நாளும் இதுதான். இப்போது அவர்கள் போய்விட்டார்கள். உனக்குச் சொல்லாமல் வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. உடுப்பு மாற்றும் அறையில் இருந்து இதை எழுதுகிறேன்.

இந்த வேலைக்குள் என்னை இழுத்து விட்டது நீதான் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நாங்கள் இரண்டு பேரும் டென்மார்க்கில், ஒடென்சே நகருக்கு வெளியே, செடி வளர்க்கும் இந்தக் கண்ணாடிக் கூடத்தில் வெள்ளரிக்காய் வெட்டியே தலை நரைத்தவர்கள். நீ மன்னார், நான் யாழ்ப்பாணம். நீ மாதாவைக் கும்பிட்டுவிட்டுக் கத்தியை எடுப்பாய், நான் பிள்ளையாரை. எரிவாயு விலை ஏறிய குளிர்காலத்தில் முதலாளி, கூடத்தைச் சூடாக்கக் கட்டுப்படியாகாது, மூடப்போகிறேன் என்றார். எல்லோரும் வேறு வேலை தேட ஓடினார்கள். நீ மட்டும் தேநீர்க் கோப்பையோடு வந்து என் பக்கத்தில் இருந்தாய்.

"வெள்ளரிக்காய் விக்கேலாட்டி மருந்து விப்பமடி."

"என்ன மருந்து?"

நீ சொன்னாய். நான் கோப்பையைத் தவறவிட்டேன்.

"கஞ்சாவோ? உனக்கென்ன விசரே?"

"ஊரிலை எண்டால் பொலிஸ் வந்து பிடிக்கும். இஞ்சை பொலிஸ் வந்து வேலியையும் கமராவையும் பாத்து, நல்லாயிருக்கெண்டு சொல்லிட்டுப் போகும். டொக்டர் எழுதிக் குடுக்கிற மருந்துக்கு ஆரோ ஒராள் வளக்கத்தானே வேணும்?"

அந்தக் கடைசி வாக்கியம்தான் என்னைச் சம்மதிக்க வைத்தது. முதலாளி கூடத்தைக் குத்தகைக்குத் தரச் சம்மதித்தார். உன் வீட்டையும் என் வீட்டையும் வங்கிக்கு ஈடு வைத்தோம். என் மனிசன் ஒரு வாரம் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. மகள் டேனிஷில், "அம்மா, தயவு செய்து என் சிநேகிதிகளுக்கு முன்னால் இதைப் பற்றிப் பேசாதீர்கள்" என்றாள்.

பிறகு பொலிஸ் விசாரணை. நிறுவனத்தில் பெயர் உள்ளவர்களின் பழைய வரலாற்றை அவர்கள் கிண்டிப் பார்த்தால்தான் அனுமதி. ஊரில் சோதனைச் சாவடிகளில் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு நின்ற கை இது. சீருடையைக் கண்டாலே தானாக நடுங்கும்.

"ஏனடி நடுங்கிறாய்? நீ கள்ளியோ எண்டு பாக்கிறாங்கள். நீ கள்ளியே?"

"இல்லை."

"பிறகென்ன?"

உனக்கு எல்லாமே அவ்வளவு லேசு. எங்கள் ஆட்கள் எங்களைக் "கஞ்சாக்காரியள்" என்று கதைத்தபோதும் நீ சிரித்தாய். அப்படிக் கதைத்தவர்களிலேயே ஒருத்தி கோயில் வீதியில் என்னை ஓரமாக இழுத்து, "முழங்காலுக்கு ஒரு சொட்டு எண்ணெய் எடுத்துத் தரேலாதோ?" என்று கேட்டாள். டொக்டரிடம் போங்கோ என்று சொல்லிவிட்டு, யாராவது கேட்டிருப்பார்களோ என்று நாலு பக்கமும் பார்த்தேன். உனக்குச் சொன்னதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

முதலில் கிடைத்தது வளர்த்துப் பார்ப்பதற்கான அனுமதி மட்டும். விற்பதற்கான அனுமதி தனி. வளர்த்துக் காட்டி, ஒவ்வொரு செடிக்கும் கணக்குக் காட்டி, பரிசோதகர்கள் வந்து பார்த்துத் திருப்திப்பட்ட பிறகுதான் அது. வெட்டிய இலை, உதிர்ந்த இலை, காய்ந்த தண்டு, எல்லாவற்றையும் நிறுத்துத்தான் குப்பைக்குப் போட வேண்டும். வேலிக்குள்ளிருந்து ஒரு இலை வெளியே போகக்கூடாது. வெளியிலிருந்து பூச்சியோ வேறு செடியோ உள்ளே வரக்கூடாது. பொறுப்பாளர் என்று உன் பெயர் இருந்தது. உனக்குப் பின்னால் நிற்பதுதான் என் வேலை, எனக்கு அது போதுமாக இருந்தது.

இனி அந்தக் கறிவேப்பிலைக்கு வருகிறேன்.

உன் வீட்டு யன்னலோரத்தில் நின்ற கறிவேப்பிலை மரம், வளர்க்க அனுமதி கிடைத்த பிறகு வந்த குளிரில் இலையெல்லாம் கொட்டிவிட்டது. இந்த நாட்டில் எங்கள் பெண்கள் பிள்ளையைப்போலப் பார்ப்பது அதைத்தான். உனக்கு மனம் கேட்கவில்லை. ஒரு நாள் காலை சாடியோடு தூக்கி வந்து, உள் நடைபாதையில் வெந்நீர்க் குழாய் ஓடும் மூலையில் வைத்துவிட்டாய். சூடும் வெளிச்சமும் ஈரமும் சேர்ந்து அது மளமளவென்று தழைத்தது. எடுத்துக்கொண்டு போ என்று நான் சொன்னேன். திரும்பத் திரும்பச் சொன்னேன். "பனி விடட்டும்" என்றாய்.

மாதா திருவிழா வந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குச் சமைக்கும் பெண்கள் உன்னிடம் கறிவேப்பிலை கேட்டார்கள். எங்கள் ஆட்கள் கேட்டால் கை நிறையக் கொடுக்காமல் விட எங்களுக்கு வராது. நான் விடுப்பில் நின்ற ஒரு பின்னேரம், நீ ஒரு பை நிறைய ஒடித்துக்கொண்டு, வாசல் கமராவைப் பார்த்துக் கை காட்டிச் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போனாய்.

கஞ்சாத் தோட்டத்திலிருந்து ஒருத்தி ஒரு பை பச்சை இலையோடு வெளியே போகிறாள். கமராவுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

விற்பனை அனுமதிக்கான பரிசோதனைக்கு வந்த இளம் டேனிஷ் பெண் அந்தப் பதிவைத்தான் நிறுத்திப் பார்த்தாள். திரையில் நீ சிரித்தபடி அசையாமல் நின்றாய். பக்கத்தில் நீ நின்றாய்.

"அந்தப் பையில் என்ன?" என்று கேட்டாள்.

"சமையலுக்குப் போடும் இலை."

"எங்கே அது?"

"சாப்பிட்டுவிட்டோம்" என்றாய். அப்போதும் உனக்குச் சிரிப்பு. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. நீ ஓடிப்போய் ஒரு கொத்து ஒடித்து வந்து கசக்கி அவள் மூக்கடியில் பிடித்தாய். அவள் ஒரு எட்டுப் பின்னால் போனாள்.

அன்று முழுக்கச் செடிகளைத் திரும்ப எண்ணினார்கள். குப்பையைத் திரும்ப நிறுத்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. நடைபாதைக் கமராவில் நீ அந்தச் சாடியில் இலை ஒடிப்பதும் பதிவாகியிருந்ததால், சொன்னது பொய்யில்லை என்று ஒத்துக்கொண்டார்கள். ஆனால் வேலிக்குள் வேறு செடி நின்றது, ஒரு பை யாரும் திறந்து பார்க்காமல் வெளியே போனது. இரண்டும் உண்மைதானே. திருத்திக் காட்டும்வரை விற்பனை அனுமதி இல்லை என்று முடிவு வந்தது. விற்க முடியாத அந்த அறுவடை முழுவதையும் அரைத்து எரிக்கக் கொண்டுபோனார்கள். நானும் நீயும் வாசலில் நின்று பார்த்தோம்.

எனக்கு உன்மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. "ரெண்டு வீட்டையும் ஒரு கொத்துக் கறிவேப்பிலைக்குக் குடுத்திட்டாய்" என்று கத்தினேன். அந்த ஆத்திரம் இன்னும் முழுதாக ஆறவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். செத்தவர்களோடு கோபிக்கக்கூடாது என்பார்கள். எனக்கு முடியவில்லை. நீ இருந்திருந்தால் சண்டை பிடித்துத் தீர்த்திருப்போம்.

பிழைகளைத் திருத்தினோம். சாடியை நானே காரில் ஏற்றி உன் வீட்டுக்குக் கொண்டுபோனேன். வெளியே போகும் ஒவ்வொரு பையையும் இருவர் பார்த்த பிறகே கதவு திறக்கும் என்று புது முறை வைத்தோம். முதல் நாள் என் சோற்றுப் பெட்டியைத் திறக்கச் சொல்லி, உள்ளே மிஞ்சியிருந்த பொரியலைத் தின்றுவிட்டு, "சரி, போகலாம்" என்றாய். அந்த மாதத்திலேயே உனக்கு வயிற்று நோ தொடங்கியது.

ஆஸ்பத்திரியில் நீ மிகவும் சிறுத்துப் போயிருந்தாய். "எங்கடை மருந்து கடைக்கு வர முந்தி நான் வெளிக்கிட்டிடுவன் போல" என்றாய். வேலைக் கதை கதைக்க வேண்டாம் என்றேன். நீ கேட்கவில்லை.

"என்ரை பேரை எடுத்திட்டு உன்ரை பேரைப் போடு."

"என்னாலை ஏலாது. நான் பயந்த ஆள்."

"தெரியும்" என்றாய்.

அதற்குப் பிறகு ஏதாவது சொல்வாய் என்று காத்திருந்தேன். பயப்படாதே என்றாவது சொல்வாய் என்று நினைத்தேன். நீ நித்திரையாகிவிட்டாய். அதுதான் நாங்கள் கடைசியாகக் கதைத்தது.

உன் பெயரை எடுத்து என் பெயரைப் போட்டேன். பொறுப்பாளர் மாறினால் எல்லாம் முதலிலிருந்து. திரும்பப் பொலிஸ் விசாரணை, திரும்பப் பரிசோதனை. இந்த முறையும் இல்லை என்றால் வங்கி இனிப் பொறுக்காது. உன் மனிசனுக்கும் எனக்கும் வீடு போகும். அந்தப் பயத்தோடுதான் இன்று காலை பேருந்தில் இருந்தேன்.

அதே பெண்தான் வந்தாள். கூட ஒருவர். வெள்ளை மேலங்கியும் தலைமுடி வலையும் போட்டுக்கொண்டு அறை அறையாக நடந்தோம். செடிகளை எண்ணினார்கள், பூட்டுகளை இழுத்துப் பார்த்தார்கள். கேட்டவற்றுக்கெல்லாம் சொன்னேன். என் டேனிஷ் பதற்றத்தில் எப்படித் தடுமாறும் என்று உனக்குத் தெரியும், ஆனாலும் சொன்னேன். வெந்நீர்க் குழாய் மூலைக்கு வந்ததும் அவள் கொஞ்சம் நின்றாள். வெறும் சீமெந்துத் தரை. பிறகு அடுத்த அறைக்கு நடந்தாள்.

கடைசியில் மேசையில் இருந்தோம். அவள் கேட்டாள்: "இங்கே வேலை செய்யும் ஒருவர் பையோடு வெளியே போகிறார். அவசரம் என்கிறார். என்ன செய்வீர்கள்?"

"திறக்கச் சொல்வேன்."

"மறுத்தால்?"

"கதவைத் திறக்க மாட்டேன். உங்களுக்கு அறிவிப்பேன்."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். குரூரமாகக் கேட்கவில்லை. மெதுவாகத்தான் கேட்டாள்.

"உங்கள் நண்பியாக இருந்தாலும்?"

இத்தனை நாளும் நீதான் எனக்காகப் பேசினாய். இன்று நான் பேச வேண்டியிருந்தது, அதுவும் உனக்கு எதிராக. உன்னைக் காட்டிக் கொடுப்பதுபோல இருந்தது. வீட்டை நினைத்தேன், உன் மனிசனை நினைத்தேன். மேசையில் கிடந்த வாசல் சாவியை எடுத்து இறுகப் பிடித்தேன்.

"ஆம்" என்றேன். "அவளாக இருந்தாலும்."

"பதற்றமாக இருக்கிறதா?"

"எப்போதும்" என்றேன். "எனக்குப் பயம் போனால் இந்தச் சாவியை என்னிடம் விட்டுவைக்க வேண்டாம்." அவள் தலையை அசைத்து எதையோ எழுதினாள். கை கொடுத்தாள். முடிவு சில வாரங்களில் வரும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வரும்போது, "சரியாச் சொன்னனானே?" என்று உன் பக்கம் திரும்பிக் கேட்டுவிட்டேன். வாய்விட்டே கேட்டேன். காற்றாடிகள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. அப்போதுதான் அழுகை வந்தது.

முடிவு வரும்வரை பயந்துகொண்டிருப்பேன். நல்ல முடிவாக வந்தால் அதைவிடப் பயப்படுவேன். பிறகு நாள்தோறும் அந்தக் கதவில் நிற்கப்போவது நான்தானே. ஒரு நாள் உன்னைப்போல ஒருத்தி, எல்லோருக்கும் அள்ளிக் கொடுக்கிற கை உள்ளவள், ஒரு பையோடு சிரித்துக்கொண்டு வருவாள். நான் அவளை நிறுத்த வேண்டும்.