சின்னப்பொண்ணு விலாசத்துக்கு

கனகசெட்டிக்குளம்
30.7.2025

அன்புள்ள சித்ராவுக்கு,

உன் அண்ணி பச்சையம்மாள் எழுதுகிறேன். எல்லாரும் நலம் என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். ஒன்பது வருஷம் கழித்து எழுதும் கடிதத்தில் முதல் வரியே பொய்யாக வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

உன் நம்பருக்குப் போட்டால் ஒரு மணி அடித்து நின்றுவிடுகிறது. "அத்தை பிளாக் பண்ணி வெச்சிருக்கும்மா, போகாது" என்று மகள் அன்புசெல்வி சொன்னாள். வீட்டில் இருப்பது உங்க அண்ணன் போன் ஒன்றுதான். கனகசெட்டிக்குளத்திலிருந்து முதலியார்பேட்டைக்குப் பஸ் இருக்கிறது. நீ வேலை செய்யும் மருந்துக்கடையும் தெரியும். நேரில் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாயோ என்று பயம். தபாலை யாரும் பிளாக் பண்ண முடியாது, அதனால் எழுதுகிறேன்.

உங்க அண்ணனுக்கு உடம்பு சரியில்லை. இரண்டு வருஷமாக வலது கை நடுங்குகிறது, நடை இழுக்கிறது. பெரிய ஆஸ்பத்திரியில் பார்க்கின்சன் என்றார்கள். மூன்று வேளை மாத்திரை. முதலில் கேட்டது, இப்போது கேட்கவில்லை. படகுப் பக்கம் போய் ஒரு வருஷம் ஆகிறது.

என்னைக் குழப்புவது வேறு ஒன்று. ஆடித் திருவிழாவுக்குக் காப்புக் கட்டினோம் இல்லையா, அந்தப் பத்து நாளும் மனுஷன் நன்றாக நடந்தார். தேர் வடம் பிடித்தார் சித்ரா! ஊரே பார்த்தது. காப்பு அவிழ்த்த அன்றைக்கு வஞ்சிரம் வாங்கிக் குழம்பு வைத்தேன். சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் கட்டையாக உட்கார்ந்துவிட்டார். யோசித்துப் பார்த்தால் அமாவாசைக்கும் வெள்ளிக்கிழமைக்கும்கூட இப்படித்தான் தெளிவாக இருக்கிறார். அம்மன் நாளில் நடக்கிறார், மற்ற நாளில் விழுகிறார். இது நோயா, தெய்வமா, யாராவது வைத்த வினையா? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அவருக்கு விளங்கிவிட்டதாம். "ஆத்தாதான் புடிச்சி நடக்க வைக்குது. மாத்திரை ஒண்ணும் கிழிக்கல. எல்லாத்தையும் கடல்ல போட்டுடு" என்கிறார். அப்புறம் சுவரைப் பார்த்துக்கொண்டு, "கூடப் பொறந்தவள தொரத்துனவனுக்கு வேற இன்னா கெடைக்கும்" என்றார். எனக்குக் கேட்காது என்று நினைத்துவிட்டார்.

மாத்திரையை நிறுத்தலாமா? நீ மருந்து படித்தவள். உன்னைப் படிக்க வைத்ததும் அவர்தான், அதற்காகவாவது சொல்லு.

பதிலைப் பக்கத்து வீட்டுச் சின்னப்பொண்ணு விலாசத்துக்குப் போடு. பகலெல்லாம் எங்கள் வாசலில் உட்கார்ந்திருப்பது உங்க அண்ணன்தான், நான் மீன் கூடையோடு ஊரில் இருப்பேன். சின்னப்பொண்ணுக்குப் படிக்கத் தெரியாது, அதனால் பிரித்துப் பார்ப்பாள் என்ற பயமும் இல்லை.

உன் அண்ணி,
பச்சையம்மாள்

---

முதலியார்பேட்டை
4.8.2025

அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. மாத்திரையை நிறுத்தக் கூடாது. திடீரென்று நிறுத்தினால் உடம்பு விறைத்து, காய்ச்சல் வந்து, உயிருக்கே ஆபத்தாகலாம். அம்மன் பெயரைச் சொன்னாலும் சரி, என் பெயரைச் சொல்லாமல் மிரட்டினாலும் சரி, நிறுத்த விடாதீர்கள்.

ஒவ்வொரு மாத்திரையும் எத்தனை மணிக்குக் கொடுக்கிறீர்கள், அதோடு என்ன சாப்பிடுகிறார் என்று ஒரு நாளைக்கு உள்ளதை எழுதுங்கள்.

வேறு விஷயம் எதையும் எழுத எனக்கு இப்போது மனசு இல்லை.

ஜெயசித்ரா

---

கனகசெட்டிக்குளம்
8.8.2025

அன்புள்ள சித்ராவுக்கு,

பத்து வரி எழுதினாலும் உன் கையெழுத்தைப் பார்த்ததும் அழுதுவிட்டேன். கவர் ஓரம் ஈரமாக இருந்தது, தபால்காரர் மழையில் நனைத்துவிட்டார் போல.

காலை ஐந்தரைக்கு நான் மீன் ஏலத்துக்குக் கிளம்பும் முன் பழைய சோறு, முதல் நாள் மீன் குழம்பு, கையோடு மாத்திரை. மதியம் ஒரு மணிக்குச் சோறும் குழம்பும் பொரித்த துண்டும், கையோடு மாத்திரை. ராத்திரி ஏழு மணிக்கும் அதே. சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் கொடுக்கச் சொல்லித்தான் டாக்டர் சொன்னார். வெறும் வயிற்றில் மருந்து போட்டால் குடல் வெந்துவிடும் என்று எங்கள் வீட்டில் சொல்லி வளர்த்தார்கள், அதனால் நான் சோற்றோடு கொடுத்தேன். தெம்பு குறையக் குறையப் பெரிய துண்டாகப் போட்டேன். விற்கிற மீனில் நல்லதை எடுத்து வைத்துவிட்டுத்தான் கூடையைத் தூக்குவேன். புருஷனைக் கவனிக்கவில்லை என்று ஒருத்தி சொல்ல முடியாது.

மருந்து தலைக்குப் போக வேண்டும் என்கிறார்கள், வாயில் போடுகிறோம். தலையில் குறைகிற சாமானை நேராகத் தலைக்கே ஊசியாகப் போட்டால் என்ன? நான் ஒரு பைத்தியக்காரி, எதை எதையோ கேட்கிறேன்.

நீ சாப்பிட்டாயா என்று கேட்டால் கோபிப்பாயா? கேட்கிறேன். சாப்பிட்டாயா?

அண்ணி

---

முதலியார்பேட்டை
13.8.2025

அண்ணிக்கு,

சாப்பிட்டேன்.

நீங்கள் பைத்தியக்காரி இல்லை. நீங்கள் கேட்டதுதான் சரியான கேள்வி. அண்ணன் மூளையில் டோபமின் என்று ஒன்று குறைந்துவிட்டது. அதையே ஊசியாகப் போட்டாலும் மூளைக்குள் போகாது. உடம்பில் மற்ற இடங்களில் ரத்தக் குழாய்ச் சுவரில் சின்னச் சின்ன இடுக்குகள் உண்டு, சாமான் கசிந்து வெளியே வரும். மூளைக்குப் போகும் குழாயில் அந்த இடுக்கே கிடையாது. கண்டதும் உள்ளே புகுந்து கெடுத்துவிடாமல் அப்படி அடைத்து வைத்திருக்கிறது. தேவையானதை மட்டும் விட அங்கங்கே கதவுகள். சர்க்கரைக்கு ஒரு கதவு. மீன், பருப்பு, பால், முட்டை எல்லாம் வயிற்றில் கரைந்து வரும் புரதத் துணுக்குகளுக்கு வேறு கதவு.

டோபமினுக்கு அங்கே கதவு இல்லை. அதனால் டோபமினாக மாறக்கூடிய வேறொன்றை மாத்திரையாகக் கொடுக்கிறார்கள். அது பார்க்கப் புரதத் துணுக்கு மாதிரியே இருக்கும். அந்தக் கதவு வழியாக உள்ளே போய், போன பிறகு டோபமினாகிவிடும்.

இப்போது உங்கள் காலைப் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பத்துப் பேர் மீன் கூடையோடு ஏறிவிட்டால் அந்த நிறுத்தத்தில் பள்ளிக்கூட டீச்சர் ஏற முடியாமல் நிற்பாரே, அதுதான் நடக்கிறது. மாத்திரைதான் டீச்சர். மீனோடு சேர்த்துக் கொடுத்தால் குடலிலும் நெரிசல், மூளை வாசலிலும் நெரிசல். நேரம் போய்விட்டால் மாத்திரை வெளியிலேயே வீணாகிவிடும். காப்புக் கட்டிய நாளில் கூழும் இட்லியும்தானே சாப்பிட்டார்? பஸ் காலியாக இருந்தது. அம்மனைக் குறை சொல்லவில்லை, மீனை நிறுத்தியது அவள்தான்.

மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முக்கால் மணி நேரம் முன்பு தண்ணீரோடு கொடுங்கள். குமட்டினால் ஒரு பொறை ரொட்டி. காலையும் மதியமும் மீன் வேண்டாம், சாயங்காலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். மீனே இல்லாமல் செய்துவிடாதீர்கள், மெலிந்துபோவார். டாக்டரிடம் போய் இதையெல்லாம் சொல்லுங்கள். நான் மருந்து எடுத்துக் கொடுக்கிறவள், டாக்டர் இல்லை.

இதைச் சொன்னது நான் என்று அவருக்குத் தெரிய வேண்டாம். தெரிந்தால் அதற்காகவே கேட்கமாட்டார்.

ஜெயசித்ரா

---

கனகசெட்டிக்குளம்
26.8.2025

அன்புள்ள சித்ராவுக்கு,

என்ன எழுதுவது, எங்கிருந்து எழுதுவது என்று தெரியவில்லை. நடக்கிறார். காலை எட்டு மணிக்குத் தானே சட்டை பொத்தான் போட்டுக்கொண்டு படகுவரை போய் வருகிறார்.

ஆனால் வீட்டில் சண்டை. நீ சாயங்காலம் மீன் போடலாம் என்று எழுதியிருந்தாய். எனக்குப் பயம், ஒரே அடியாக நிறுத்திவிட்டேன். இரண்டு வருஷம் என் கையாலேயே அவரை முடக்கிப் போட்டேனே என்று நினைக்க நினைக்க மீனைத் தொடவே கை கூசியது. எட்டாம் நாள் தட்டைத் தள்ளிவிட்டார். "கடலோரத்துல பொறந்தவனுக்குக் கத்திரிக்காயாடி போடற? காலையில வாணாம், மத்தியானம் வாணாம், சாயங்காலம் போட்டா இன்னா தப்பு?" என்றார். நீ எழுதினதை அப்படியே சொல்கிறார்! யார் சொன்னது என்று கேட்டேன். "என் வயிறு சொல்லுது" என்கிறார். டாக்டர் சொல்லியிருக்கவும் முடியாது, அவரிடம் நேற்று திங்கட்கிழமைதான் போனோம். வயிற்றுக்கு இவ்வளவு விவரமா? எனக்குத் தலை சுற்றுகிறது. மீன் சாயங்காலம் போடலாம் என்று டாக்டரும் தலையாட்டினார், நேற்று சாயங்காலத்திலிருந்து போடுகிறேன்.

இன்னொரு சந்தேகம். மூளை வாசல் அவ்வளவு கறாரானது என்றால் சாராயம் மட்டும் எப்படி உடனே தலைக்கு ஏறுகிறது? பாண்டிச்சேரிக்காரிக்கு இந்தச் சந்தேகம் வராமல் இருக்குமா? நல்லதை நிறுத்திவிட்டுக் கெட்டதை உள்ளே விடுகிற வாசல் என்ன வாசல்?

உன் புருஷன் பிரேம்குமார் நன்றாக இருக்கிறாரா? கேட்டது தப்பென்றால் இந்த வரியைக் கிழித்துவிடு.

அண்ணி

---

முதலியார்பேட்டை
1.9.2025

அன்புள்ள அண்ணிக்கு,

சாராயத்துக்குக் கதவே வேண்டாம். சுவரோடு சுவராக ஊறி உள்ளே போய்விடும். எந்த வாசலும் எல்லாவற்றையும் தடுப்பதில்லை. எனக்கும் இதில் ஒரு குழப்பம் உண்டு, ஆனால் அது மருந்துக் குழப்பம் இல்லை.

அண்ணன் நடக்கிறார் என்று படித்ததும் கடையில் சந்தோஷத்தில் ஒருவர் சீட்டுக்கு வேறொருவர் மருந்தை எடுக்கப் போனேன். கோபமாக இருக்க வேண்டியவள் நான். எது நியாயம் என்றே தெரியவில்லை.

என் வீட்டுக்காரர் நன்றாக இருக்கிறார். தவளக்குப்பத்தில் இருக்கும் நிலத்தை மாமனாரோடு பார்த்துக்கொள்கிறார். இன்றைக்கும் மீன் சாப்பிட உட்கார்ந்தால் முள்ளுக்குப் பயந்து குழம்பை மட்டும் ஊற்றிக்கொள்வார். உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பெண் கேட்டு வந்த அன்றைக்கு மத்தி வைத்தீர்கள். அவருக்குத் தொண்டையில் முள் சிக்கிக் கண்ணில் தண்ணீர் வந்தது. பத்துப் பேர் முன்னால் அண்ணன் சிரித்தார். "முள்ளு எடுக்கத் தெரியாதவனுக்கா என் தங்கச்சி? போய் ஏர் ஓட்டச் சொல்லு" என்றார். கல்யாணத்துக்கும் வரவில்லை. நாங்கள் பத்திரிகை கொண்டுவந்தபோது கதவைச் சாத்தினார்.

போனை ஏன் பிளாக் செய்தேன் தெரியுமா? அண்ணன் கூப்பிடமாட்டார் என்று தெரிந்தும் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு நாளும் ஏமாந்தேன். பிளாக் செய்துவிட்டால், கூப்பிட்டிருப்பார், எனக்குத்தான் தெரியவில்லை என்று நினைத்துக்கொள்ளலாம் இல்லையா? முட்டாள்தனம்தான். அதில் ஒன்பது வருஷம் ஓடிவிட்டது.

நானாக வரமாட்டேன், அண்ணி. சாத்தினவர் திறக்கட்டும். மாத்திரை நேரத்தைத் தவற விடாதீர்கள்.

சித்ரா

---

கனகசெட்டிக்குளம்
8.9.2025

சித்ராவுக்கு அண்ணன் சுப்ரமணி எழுதுவது.

எழுத்து எறும்பு மாதிரி சின்னதாகப் போகிறது, அது இந்த நோயின் வேலை. கண்ணாடி போட்டுப் படி. மாத்திரை வேலை செய்யும் நேரம் பார்த்து எழுதுகிறேன், இரண்டு நாள் ஆயிற்று.

உன் அண்ணி உன்னை ரகசியமாக எழுதச் சொன்னாள். சின்னப்பொண்ணுக்கு ஜென்மத்தில் தபால் வந்ததில்லை. கவர் வந்ததும், "அண்ணா, எனக்கு இன்னாமோ வந்துருக்குது, படிச்சிச் சொல்லு" என்று என்னிடம்தான் கொண்டுவந்தாள். தெருவில் எல்லாருக்கும் படித்துச் சொல்கிறவன் நான்தானே. மூன்றையும் நான்தான் முதலில் படித்தேன். படித்துவிட்டு, "இது எங்க வூட்டுக்கு, பச்சைகிட்ட குடு" என்று சோற்றைத் தடவி ஒட்டிக் கொடுத்தேன். கை நடுங்கியதால் சோறு அதிகமாகிவிட்டது. அண்ணி மழை என்று நினைத்தாள். நானும் மழை என்றே விட்டுவிட்டேன்.

உன் பெயரில் வந்திருந்தால் வாங்கியிருப்பேனா என்று யோசித்துப் பார்த்தேன். முதல் வருஷமாக இருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன்.

நான் கூப்பிட்டேன். உனக்குப் பையன் பிறந்தான் என்று கேள்விப்பட்ட அன்றைக்குக் கூப்பிட்டேன். அப்புறம் தீபாவளிக்குத் தீபாவளி. ஒரு மணி அடித்து நின்றுவிடும். என் குரலைக் கேட்கவும் உனக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். "கூப்பிட்டிருப்பார்" என்று நீ நினைத்துக்கொண்டாய். நீ நினைத்தது சரிதான். இவ்வளவு நாளும் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று எனக்குப் புரியவில்லை, சித்ரா.

அன்றைக்கு நான் சிரித்தது தப்பு. எல்லாரும் பார்க்க உன் முகம் போன போக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வாருங்கள். புதன்கிழமை புரட்டாசி பிறந்துவிடும், உங்கள் வீட்டில் அப்புறம் மீன் தொடமாட்டார்களாம். காலையில் வராதே. காலையிலும் மதியமும் இந்த வீட்டில் மீன் கிடையாது, நீயே நிறுத்தியது. ஒன்பது வருஷம் கழித்து வரும் தங்கச்சிக்கு இட்லியா வைப்பேன்? சாயங்காலம் வா. கதவு திறந்திருக்கும். அண்ணிக்கு இது தெரியாது, நீ வந்து நிற்கும்போது தெரியட்டும்.

மாப்பிள்ளையைப் பயப்படாமல் வரச் சொல். மத்திதான் வைக்கச் சொல்லப் போகிறேன். ஆறரைக்கு மாத்திரை போட்டால் ஏழரைக்குக் கை ஆடாமல் நிற்கிறது. அவருக்கு முள்ளை நான் எடுத்துப் போடுகிறேன்.

உன் அண்ணன்,
சுப்ரமணி