சிவந்துபோன மஞ்சள் லாரி

மார்சிலிங், சிங்கப்பூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள தம்பி சுரேந்தருக்கு,

உன் அக்கா எழுதுவது. நான் சுகம், என் மூட்டுவலி என்னைவிடச் சுகம். உன் அத்தான் வேலையை விட்ட நாளிலிருந்து என் சமையலறையில் மேற்பார்வையாளராகச் சேர்ந்துவிட்டார்; சம்பளம் இல்லை, லீவும் எடுப்பதில்லை. பெர்த்தில் நீயும் உன் சுரங்கமும் நலமாக இருக்க வேண்டும்.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று சிரிப்பாய். குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்து வெளியே போனது நீதானே. போன் செய்தால் மீட்டிங் என்கிறாய். லாரி ரிப்பேர் பார்க்கிறவனுக்கு லாரியோடு அப்படி என்னடா மீட்டிங்? கடிதம் என்றால் பாதியில் வைத்துவிட முடியாது பார்.

போன வெள்ளிக்கிழமை ரித்திக்குக்கு நான்கு வயது நிறைந்தது. கடையில் கேக் வாங்கலாம் என்றேன். உன் பெண்டாட்டி அனுப்ரியா கேட்கவில்லை, வீட்டில்தான் செய்வேன் என்றுவிட்டாள். எல்லாம் உன் மகனால் வந்தது. நீ ஒரு படம் அனுப்பினாயே, வீடு உயரத்துக்கு மஞ்சள் லாரி, அதன் சக்கரத்துக்குப் பக்கத்தில் கொசு மாதிரி நீ. அதை அனுப்ரியா கடையில் கொடுத்துப் பெரிதாக அச்செடுத்துத் தந்திருக்கிறாள். அவன் அதைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்குகிறான். பிறந்தநாளுக்கு அப்பா லாரிதான் கேக்காக வர வேண்டும், மஞ்சளாக வர வேண்டும், இல்லையென்றால் பிறந்தநாளே வேண்டாம் என்றான். இந்தப் பிடிவாதம் எந்தப் பக்கத்துச் சொத்து என்று உனக்குத் தெரியாதா?

மஞ்சள் நிறம் வாங்கும் பொறுப்பு என்னுடையது. அதற்கென்றே தேக்கா சந்தைக்குப் போனேன். மல்லிகைப்பூ வாங்கினேன், முருங்கைக்காய் வாங்கினேன். நம் பழைய அடுக்குமாடி புளோக்கில் இருந்த நிரஞ்சனா எதிரே வந்தாள். அவள் மகள் ஆங் மோ கியோவில் புது வீடு வாங்கி, மாமியாருக்குச் சாவி தர மாட்டேன் என்கிறாளாம். அது தனிக் கடிதத்துக்கான விஷயம். கேட்டு முடித்து வீட்டுக்கு வந்து பையைக் கவிழ்த்தால் எல்லாம் இருக்கிறது, மஞ்சள் நிறம் மட்டும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலையில் நாங்கள் உட்லண்ட்ஸுக்கு, உன் வீட்டுக்குப் போனபோது அனுப்ரியா கேக்கை லாரியாகவே வெட்டி வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமை ஆயிற்றே, முட்டை போடாத கேக். கறுப்பு பிஸ்கட்டில் சக்கரம், முன்னால் ஓட்டுகிறவர் உட்காரும் அறை, எல்லாம் அத்தனை அழகு. நிறம் எங்கே என்றாள். குழம்புக்கு ஆகிற மஞ்சள்தூள் கேக்குக்கு ஆகாதா என்று நான் தைரியமாக ஒரு கரண்டியை ஐசிங்கில் போட்டேன். நம்ப மாட்டாய், தங்கம் மாதிரி வந்தது. ரசம் மாதிரி கொஞ்சம் மணத்தது, அதை விடு.

ஆனால் நம் ஊர் வெயில் சும்மா விடுமா? வெண்ணெய் இளகி ஐசிங் வழிய ஆரம்பித்தது. சோளமாவு போட்டால் இறுகும் என்று, வீட்டிலிருந்து கொண்டுபோன பழைய மைலோ டின்னைத் திறந்து இரண்டு கரண்டி போட்டேன். என் வீட்டில் எல்லா வெள்ளைப் பொடியும் மைலோ டின்னில்தான். மூடியில் பெயர் எழுதி வை என்று உன் அத்தான் கல்யாணமான நாளாய்ச் சொல்கிறார். எழுதினால் அவர் பேச்சைக் கேட்டதாக ஆகிவிடாதா? நான் போட்டது ஆப்பசோடா.

மஞ்சளில் சுண்ணாம்பு கலந்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். ஆப்பசோடாவும் அதே வேலையைத்தான் பார்க்குமாம். லாரி முழுக்கப் பூசிய பிறகு, எங்கள் கண்ணெதிரே கொஞ்சம் கொஞ்சமாகச் சிவந்தது. அத்தான் எட்டிப் பார்த்து, கல்யாண வீட்டு வாசல் மாதிரி இருக்கிறது என்றார். சுரண்டிவிட்டு மறுபடி பூச வெண்ணெயும் இல்லை, நேரமும் இல்லை. பாலர் பள்ளியிலிருந்து பிள்ளை வந்துவிட்டான்.

பார்த்தான். உதடு பிதுங்கியது. இது அப்பா லாரி இல்லை என்று சொல்லிவிட்டு, அழாமல் நின்றான். அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை. நான் அந்த மைலோ டின்னுக்குள் ஒளிந்துகொள்ள இடம் தேடினேன். என் உடம்புக்கு அது நடக்கிற காரியமா?

உன்னைப் பற்றி அனுப்ரியா வாய் திறந்து ஆறு மாதம் இருக்கும். வீட்டை விற்றுவிட்டுப் பெர்த்துக்கு வா என்று நீ சொன்னதும், ஆஸ்பத்திரித் தாதி வேலையை விட்டுவிட்டு வர மாட்டேன் என்று அவள் சொன்னதும், நீ பெட்டியைத் தூக்கியதும் எல்லாம் எனக்குத் தெரியும். யார் மேல் தப்பு என்று நான் சொல்லப் போவதில்லை. இரண்டு பேர் மேலும்தான். அவள் அன்றைக்குக் கையில் ஐசிங்கோடு பிள்ளை முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தாள்.

"இது அப்பா வீட்டுக்கு வர்ற லாரிடா. வீட்டுக்கு வர்றவங்களுக்கு ஆரத்தி எடுப்போம்ல, அந்தக் கலர்."

உன் அத்தான் ஆலோசனையை விட்டுவிட்டுக் கத்தியும் தட்டும் எடுத்துவந்தார்.

எதிர் வீட்டில் கைக்குழந்தை வந்தபோது ஆரத்தி எடுத்ததை ரித்திக் பார்த்திருக்கிறான். ஒரு துண்டைத் தட்டில் வைத்து வாங்கிக்கொண்டு நேரே வாசலுக்குப் போனான். வெளியே செருப்பு அலமாரியில் உன் பழுப்புச் செருப்பு இருக்கிறதல்லவா? அதற்கு மூன்று சுற்று சுற்றினான். அப்புறம் ஐசிங்கைத் தொட்டு, இரண்டு செருப்புக்கும் ஆளுக்கொரு பொட்டு வைத்தான். அனுப்ரியா திட்டுவாள் என்று நினைத்தேன். வலது செருப்பில் பொட்டு கோணலாக விழுந்ததை அவளே விரலால் சரிசெய்தாள்.

இன்னொன்றையும் பார்த்தேன் தம்பி. ஆறு மாதமாக யாரும் போடாத செருப்பு. அதில் தூசி இல்லை.

கேக் சோப்பு மாதிரி இருந்தது. அத்தான் மட்டும் இரண்டு துண்டு சாப்பிட்டு, வாயு போய்விட்டது என்றார். ஓட்டுகிறவர் உட்காரும் அறையை யாரும் தொடக் கூடாது என்று ரித்திக் உத்தரவு. அது ஃப்ரீசரில் இருக்கிறது, அனுப்ரியாவுக்கு மீன் வைக்க இடமில்லை. வந்து நீதான் சாப்பிட்டாக வேண்டும். சோப்பு மாதிரி இருந்தாலும் நன்றாக இருக்கிறது என்று சொல்ல வேண்டும்.

செருப்பை வைத்துப் பதினான்கு வருஷம் ஆண்ட கதையெல்லாம் உண்டுதான். இது தேக்காவில் தள்ளுபடியில் வாங்கிய செருப்பு, அவ்வளவு நாள் தாங்காது. பொட்டு அழிவதற்குள் வந்து காலை நுழை. உனக்கும் அவளுக்கும் பிள்ளைக்கும் எந்தக் குறையும் வராது, நன்றாக இருங்கள்.

உன் வரவுக்கு அசல் சுண்ணாம்போடு காத்திருக்கும்
அக்கா சாமுண்டீஸ்வரி