அசையாத முகம்

அன்பு மகனுக்கு, அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்றுதான் ஆரம்பித்தேன், அதை எல்லோரும் எழுதுவார்கள் அம்மா, உண்மையைச் சொல் என்று பேனாவை நிறுத்திவிட்டாள். உண்மை என்னவென்றால், நேற்றைவிட இன்று நன்றாக இருக்கிறோம். நீயும் அப்படியே இருக்க வேண்டும். தையல் மிஷின் ஊசி என் விரலில் ஏறிவிட்டது, பெரிய காயமில்லை, கட்டுப் போட்டிருக்கிறது, அதனால்தான் அவள் கையெழுத்து. என் பேச்சை அவள் புத்தகத் தமிழாக்கி எழுதுகிறாள், எனக்கே என்னைப் பார்த்து மரியாதை வருகிறது. போனில் சொல்லலாம்தான், ஆனால் இந்த வீட்டில் ஒரு அறையில் தும்மினால் மறு அறையில் கேட்கும், இது அப்பா காதில் விழாமல் சொல்ல வேண்டியது.

அப்பாவோடு லிஃப்ட் பழுதுபார்க்கப் போய்க்கொண்டிருந்த கூட்டாளி லிஃப்ட் குழிக்குள் விழுந்து இறந்தது உனக்குத் தெரியும். அதிலிருந்து அவர் எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் படியேறித்தான் போகிறார். தூக்கத்துக்காக என்று ஆரம்பித்த குடி பிறகு எல்லாவற்றுக்கும் என்றாகிவிட்டது. அந்தப் போதையில்தான் அன்று போனில் உன்னை அப்படிப் பேசினார். அதற்குப் பிறகு நீ எனக்கு மட்டும் மெசேஜ் அனுப்புகிறாய். உன்னைக் குறை சொல்லவில்லை கண்ணா, கேட்டுக்கொண்டிருந்த எனக்கே தாங்கவில்லை.

அப்பா வேலை செய்யும் இடத்தில் அவருக்கு ஆன்லைன் கவுன்சலிங் ஏற்பாடு செய்து கொடுத்தார்கள். வாரம் ஒரு தடவை போன் திரையில் ஒரு அம்மா வருவார், கண்ணாடி போட்டவர், சாந்தமான முகம். எந்த டாக்டரிடம் போனாலும் அப்பாவுக்கு எங்கே வலிக்கிறது என்று சொல்வது நான்தானே, அதே பழக்கத்தில் இங்கேயும் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். எப்படித் தூங்குகிறீர்கள் என்று அவரைக் கேட்டால் நான் சொல்வேன், எதை நினைத்துப் பயம் என்றால் அதையும் நான் சொல்வேன். ஒரு நாள் அந்தம்மா, குழி பக்கம் போனால் மனதுக்குள் என்ன நடக்கிறது என்று கேட்டார். அதற்கு எனக்கும் பதில் தெரியவில்லை. அப்பா வாய் திறக்கவில்லை. திரையில் அந்தம்மாவும் கண்கொட்டாமல் அப்படியே இருந்தார். போன் ஹேங் ஆகிவிட்டது என்று நினைத்து அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டேன். மறுபடி அதே கேள்வி, அதே அசையாத முகம். நான் போனைத் தட்டினேன், உதறினேன், மறுபடி அணைக்கப் போனேன். அப்போது திரையிலிருந்து, “அம்மா, போனுக்கு ஒண்ணும் ஆகல. நான் அவருக்காகக் காத்துட்டு இருக்கேன்” என்று குரல் வந்தது. எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, “நான் குடிக்கிறத தவிர மத்த எல்லாத்தையும் எனக்காக இவளே செஞ்சிடுவா” என்றார். இத்தனை வாரத்தில் அவர் சொன்ன முதல் முழு வாக்கியமே அதுதான் என்று அந்தம்மா சிரித்துவிட்டார். அடுத்த வாரம் அவரோடு மட்டும் பேசவா, அவர் ஒன்றுமே சொல்லாமல் இருந்தாலும் பரவாயில்லை என்று என்னிடம் கேட்டார்.

அடுத்த வாரம் அறைக் கதவைச் சாத்திவிட்டு நானும் உன் தங்கையும் மாடிப்படியில் போய் உட்கார்ந்தோம். இவள் மடியில் புத்தகத்தை விரித்து வைத்திருந்தாள், ஒரு பக்கம்கூடத் திருப்பவில்லை. உள்ளே சத்தமே இல்லை. எழுந்து போய்க் கதவைத் திறக்கக் கை துடித்தது, இவள்தான் என் புடவையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். ரொம்ப நேரம் கழித்து அப்பா குரல் கேட்டது, என்ன பேசினார் என்று தெரியாது, கேட்கவும் மாட்டேன். வெளியே வந்தவர் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. தண்ணீர் குடித்துவிட்டு, “அந்தம்மா அவசரமே படல. அதான் பேச முடிஞ்சுது” என்றார். அப்புறம் சுவரைப் பார்த்துக்கொண்டே, “பெரியவன் நம்பர் மாறலையே?” என்று கேட்டார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லி உன்னை ஏமாற்ற மாட்டேன். இடையில் ஒரு நாள் குடித்துவிட்டு வந்தார், ஆனால் அதை அந்தம்மாவிடம் அவரே சொல்லிவிட்டாராம். இன்னும் படியேறித்தான் போகிறார். நீயும் அங்கே எதையாவது மனதில் போட்டுக் குமைந்துகொண்டிருந்தால் இப்படி யாரிடமாவது பேசு, அதில் வெட்கம் ஒன்றுமில்லை. தலைக்குக் குளித்தால் நன்றாகத் துவட்டு, காலையில் வெறும் வயிற்றோடு ஓடாதே.

எங்கே இருந்தாலும் நிம்மதியாக, நிறைவாக இரு, என் ஆசி எப்போதும் உன்னோடு உண்டு. ஒன்றே ஒன்றை மறக்காதே. வரும் ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா உன்னைக் கூப்பிடப் போகிறார். நான் பக்கத்தில் இருக்க மாட்டேன், படியில்தான் இருப்பேன். போனை எடு. முதலில் ஒரு சத்தமும் வராது. லைன் போய்விட்டது என்று நினைத்து வைத்துவிடாதே கண்ணா. அவர் அங்கேதான் இருப்பார்.

அன்புடன்,
உன் அம்மா