ஆமாங்க என்று சொல்லாதே

வடக்கனந்தல்,
26.7.1997

அன்புள்ள தம்பி பாவாடைக்கு அக்கா செவ்வந்தி எழுதுவது. நானும் பிள்ளைகளும் இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை.

தீமிதிக்கு வருவதாக எழுதியிருந்தாய். நீ கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் போலீஸ் உன்னை நிறுத்தும். அதற்காகத்தான் இந்தக் கடிதம். வழக்கம்போல் பாதி படித்துவிட்டுப் பாக்கெட்டில் மடித்து வைக்காதே.

உன் மாமாவைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். நம் நிலக்காரர் தெய்வசிகாமணி தன் ஆலையில் காய்ச்சிய வெல்லத்தில் ஒரு மூட்டையைக் கொடுத்து, மலையில் ஒரு கடையில் போட்டுவிட்டு வரச் சொல்லி சைக்கிளில் அனுப்பினார். மலைக்கு வெல்லம் போனால் சாராய ஊறலுக்குத்தான் என்று போலீஸுக்கு எண்ணம். அடிவாரச் செக்போஸ்டில் மறித்தார்கள்.

நடந்ததைச் சொல்லியிருந்தால் விட்டிருப்பார்களோ என்னவோ. ஆனால் உன் மாமாவைத்தான் உனக்குத் தெரியுமே. நிலக்காரர் மழை வரும் என்றாலும் ஆமாங்க, வராது என்றாலும் ஆமாங்க. பெரிய மனிதர் பேச்சை மறுப்பது மரியாதை இல்லை என்று அடித்து வளர்த்த பிள்ளை. நானே எத்தனை முறை கேலி செய்திருக்கிறேன். செக்போஸ்டுக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் கந்தசாமி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வந்து சொன்னார். சாராயம் காய்ச்சத்தானடா எடுத்துக்கினு போற என்றார்களாம். ஆமாங்க. ரொம்ப நாளா நடக்குதா என்றார்களாம். ஆமாங்க. வீட்டில் யார் யார் என்று விசாரித்துவிட்டு, பெங்களூர்ல கீறானே உன் மச்சினன், அவனுக்கும் இதுல பங்கு உண்டா என்றார்களாம். அதற்கும் கையைக் கட்டிக்கொண்டு ஆமாங்க என்றிருக்கிறார்.

நிலக்காரர் வீட்டுக்கு ஓடினேன். இல்லம்மா, நான் யாரையும் எங்கியும் அனுப்பல என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார். அவருக்கு மட்டும் இல்லை என்ற வார்த்தை எவ்வளவு சுலபமாக வருகிறது. வயிறு எரிகிறது தம்பி.

அதற்குப் பிறகு போலீஸ் இரண்டு தடவை வீட்டுக்கு வந்து உன்னைக் கேட்டது. உன் போட்டோவைச் சுவரிலிருந்து எடுத்துக்கொண்டு போனார்கள்.

வக்கீல் ராஜாங்கம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நிறுத்தினால் ஓடாதே, ஓடினால் அதுவே குற்றம் என்பார்கள். பேரும் ஊரும் சொல். எதற்காகப் பிடிக்கிறீர்கள் என்று பணிவாகக் கேள், கேட்க உனக்கு உரிமை உண்டு. எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதே. பிடித்தால் ஒரு நாளைக்குள் கோர்ட்டில் நிறுத்த வேண்டுமாம். அப்படித்தான் சட்டம் என்றார். நடக்குமா என்று கேட்டேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கு மணலூர்பேட்டைதான் ஊர். நீ வரும் வழியில் அங்கேயே இறங்கி அவர் வீட்டுக்குப் போ. அவரே உன்னை ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போவார்.

நேற்று ஜெயிலில் உன் மாமாவைப் பார்த்தேன். பெரியவள் கொடுத்தனுப்பிய முறுக்கை நீட்டினால் இடது கையால் வாங்குகிறார். வலது கையைத் துண்டுக்குள்ளிருந்து எடுக்கவே இல்லை. அடிச்சாங்களா என்று கேட்டேன். பக்கத்தில் நின்ற போலீஸ்காரரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, இல்ல என்றார். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நேற்றுதான் கேட்டேன்.

அவர் மேல் கோபப்படாதே. உன் பேரைச் சொன்னதை நினைத்து அழுதார்.

நம் அம்மன் உனக்குத் துணை இருக்கட்டும். ராத்திரி பஸ்ஸில் வராதே, பகலில் நாலு பேர் பார்க்க வந்து இறங்கு. வலது கைக்காரன் நீ, கொத்து வேலை செய்து பிழைக்கிறவன். தனியாக மட்டும் வராதே தம்பி.

இப்படிக்கு,
உன் அக்கா
செவ்வந்தி