ஜோனாவின் வயிற்றில் பட்ட காற்று

ரோம், செப்டம்பர் 21

அன்பு மகள் இலாரியாவுக்கு அப்பா எழுதுவது,

நீயும் மாப்பிள்ளை கிரஹாமும் பிள்ளைகள் ஹேசலும் ஜோனாவும் அங்கே நலமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். நான் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் இந்தக் கடிதத்தில் ஒரு பொய்யும் எழுதுவதில்லை என்று முடிவு செய்துவிட்டதால் அந்த வரியை விட்டுவிடுகிறேன். வெயில் ஒருவழியாக இறங்கிவிட்டது. சந்தையில் அத்திப்பழம் முடிந்து திராட்சை வந்திருக்கிறது. கீழ்வீட்டு ஒர்னெல்லாவுக்கு முட்டிவலி, கால் ஓடாததையும் சேர்த்து வாய் ஓடுகிறது. லிஃப்ட் மறுபடி கெட்டுவிட்டது, நான்கு மாடியும் ஏறி இறங்குகிறேன். உன் அம்மாவின் கல்லறைக்குப் போய்ப் பூ வைத்தேன். சொல்ல வேண்டியதை முதலில் அவளிடம் சொல்லிப் பார்த்தேன், இப்போது உன்னிடம்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ ஃபோனில் சொன்னாய், அடுத்த மாதம் பதினாலாம் தேதி ஜோனாவுக்கு மயக்கம் கொடுத்துத் தொடையில் சதைத் துண்டு வெட்டியெடுத்துச் சோதிக்கப் போகிறார்கள் என்று. கோடையில் இங்கே வந்திருந்தபோது, ஜன்னல் திறந்து விசிறி ஓடிய அறையில், தண்ணீரும் நன்றாகக் குடித்த பிள்ளைக்கு உடம்பு எப்படி நினைவு தப்பும் அளவுக்குக் கொதித்தது, அவன் உடம்பிலேயே ஏதோ கோளாறு இருக்க வேண்டும் என்று டாக்டர்கள் தேடுகிறார்கள் என்றாய். "நான்தாம்பா அவனை விட்டுட்டுப் போனேன், எல்லாம் என் தப்பு" என்று அழுதாய். நான் அழாதே அழாதே என்று சொல்லிவிட்டு ஃபோனை வைத்துவிட்டேன். மூன்று ஞாயிறாக இதே கதை. அதனால் எழுதுகிறேன். கேள் மகளே, அவன் உடம்பில் ஒரு கோளாறும் இல்லை. விசிறி ஓடவில்லை. நான்தான் நிறுத்தினேன்.

நீயும் பிள்ளைகளும் வருகிறீர்கள் என்றுதான் அந்த விசிறியையே வாங்கினேன். அதைத் தூக்கிக்கொண்டு வாசலில் நுழைந்தபோது ஒர்னெல்லா, "அடேங்கப்பா, எத்தோரே வீட்டுக்குள்ள காத்தா! அப்ப மழை நிச்சயம்" என்று, காற்றென்றாலே ஜன்னலைச் சாத்துகிற என்னைப் பார்த்துச் சிரித்தாள். மழை எங்கே வந்தது, நாற்பத்தொரு டிகிரி வெயில் அடித்தது. முதல் நாளே பிள்ளைகளை நீரூற்றுப் பார்க்கக் கூட்டிப் போனோம், கல்லெல்லாம் கொதித்தது, ஹேசல் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தாத்தா, உங்க ஊரை யாரு அடுப்புல வச்சாங்க?" என்று கேட்டாள். தெருக்குழாயில் ஜோனா தலையை நீட்டினான், வியர்த்த தலையில் குளிர்ந்த தண்ணீர் படக்கூடாது என்று இழுத்துவிட்டேன். "விடுங்கப்பா, நனையட்டும்" என்று நீ கத்தினாய், நான் முகத்தைத் தூக்கிக்கொண்டு டிராம் நிற்கும் இடத்துக்கு முன்னால் நடந்துவிட்டேன். அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். முப்பத்தொரு வருடம் டிராம் ஓட்டியவன் நான், ஆகஸ்ட் மாதத்து வெயிலிலும் "ஜன்னலைச் சாத்துங்கய்யா, கழுத்துல காத்து அடிக்குது" என்று சண்டை பிடிக்கிற ஜனங்களை ஏற்றி இறக்கியவன். வியர்த்த வயிற்றில் காற்றுப் பட்டால் குடல் பிடித்துக்கொள்ளும் என்று என் அப்பா சொன்னார், நானும் நம்பினேன், உன்னையும் பத்து வயது வரை கோடையிலும் பனியன் போட்டு வளர்த்தேன், உனக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று மார்தட்டிக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் நீ ஹேசலைக் கூட்டிக்கொண்டு அடையாள அட்டை புதுப்பிக்கப் போனாய். ஜோனா ஜட்டியோடு தூங்கிக்கொண்டிருந்தான். கதவருகே நின்று, "அப்பா, உங்களைக் கெஞ்சிக் கேக்கறேன், ஃபேனை மட்டும் நிறுத்தாதீங்க" என்றாய். சரி போ போ, எனக்குத் தெரியாதா என்றேன். நீ போனதும் எட்டிப் பார்த்தேன், பிள்ளையின் வயிறு மூடாமல் கிடக்க, வேர்வை முத்து முத்தாக நிற்க, காற்று நேராக அதன் மேலேயே விழுந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. கெடுதல் நினைத்துச் செய்யவில்லை அம்மா, அவனைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்தேன். விசிறியை நிறுத்தினேன், ஜன்னலைச் சாத்தினேன், உன்னுடைய பழைய பனியனைத் தேடி எடுத்துப் போட்டு, வயிற்றை மறைத்துப் போர்வையும் இழுத்துவிட்டு, கதவை மூடிக்கொண்டு சமையலறையில் போய் உட்கார்ந்தேன். பெருமையாக உட்கார்ந்திருந்தேன். இரண்டு மணி நேரம் ஒரு சத்தமும் இல்லை, காற்றை நிறுத்தியதும் பிள்ளை எவ்வளவு நிம்மதியாகத் தூங்குகிறான் பார் என்று நினைத்தேன்.

பிறகு போய்த் தொட்டேன். அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டி மாதிரி இருந்தான். ஒரு சொட்டு வேர்வை இல்லை, கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. அந்த நேரம் பார்த்து லிஃப்ட் மேலே வருகிற சத்தம் கேட்டது, நீ என்று தெரிந்தது. ஒரு மனிதன் அப்போது என்ன செய்ய வேண்டும்? பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உன்னிடம் ஓடியிருக்க வேண்டும். நான் பனியனைக் கழற்றினேன். போர்வையை உதறினேன். ஜன்னலைத் திறந்தேன். விசிறியைப் போட்டேன். பனியனைக் கரண்டிகள் கிடக்கும் இழுப்பறையில் திணித்தேன். அதற்கப்புறம்தான், "இலாரியா, ஓடி வா" என்று கத்தினேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "ரூம்ல காத்து இருந்துச்சா?" என்று கேட்டார். நீ, "ஃபேன் ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு, அப்பா பக்கத்துலயே இருந்தார்" என்று என்னைப் பார்த்தாய். நான் தலையாட்டினேன். அந்த ஒரு தலையாட்டலுக்குத்தான் இப்போது அவன் தொடையில் கத்தி வைக்கப் போகிறார்கள். மூன்று இரவு கழித்து அவன் கண் விழித்து என்னைப் பார்த்துச் சிரித்தான், என் விரலைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அவனுக்குத் தெரியாது.

மன்னித்துவிடு என்று எழுதமாட்டேன், அதைக் கேட்க எனக்கு வாய் கிடையாது. என் மகளுக்கு இப்படி ஒருவன் செய்திருந்தால் அவன் முகத்தில் முழிக்கமாட்டேன். அடுத்த கோடை இதைவிடக் கொடுமையாக இருக்கும் என்கிறார்கள், நீங்கள் வரமாட்டீர்கள், வரவும் கூடாது. கிரஹாமுக்கு நம் மொழி தெரியாது, மறைக்காமல் படித்துச் சொல். பதினாலாம் தேதிக்கு முன்னால் இதை டாக்டரிடம் காட்டிவிடு, அதை மட்டும் மறந்துவிடாதே. உன் தப்பு என்று இனி ஒரு தரமும் சொல்லாதே. ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட வேண்டாம், நான் பழக்கத்தில் ஃபோன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன், அவ்வளவுதான். ஹேசல் படிப்பில் முன்னேறட்டும், ஜோனா நூறு வயது ஓடியாடட்டும், உன்னைக் கடவுள் கைவிடாமல் இருக்கட்டும்.

தினமும் மத்தியானம் ஜோனா படுத்திருந்த அந்தக் கட்டிலில் சட்டையைக் கழற்றிவிட்டுப் படுக்கிறேன். வியர்த்த வயிற்றுக்கு நேராக விசிறியைத் திருப்பி வைத்து ஒரு மணி நேரம். முதல் நாள் பயந்துகொண்டுதான் படுத்தேன், இன்றோடு பத்தொன்பது நாள். ஒன்றும் ஆகவில்லை, இலாரியா. ஒரு தும்மல்கூட வரவில்லை.

உன் அப்பா,
எத்தோரே